இருள் ஒரு பொருளா?

கற்பனைப் போர்டு கேம்களின் பெட்டியில் வரும் மினியேச்சர் உருவங்கள் பெரும்பாலும் ஒற்றை நிறப் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவை. 1989இல் வெளிவந்த ஹீரோகுவெஸ்ட் ஆட்டத்தில் ஓர்க்குகள் பச்சை, எலும்புக்கூடுகள் வெள்ளை, கேயாஸ் வீரர்கள் சாம்பல். இத்தகைய உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவது பிரிட்டனில் ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. 1979இல் தொடங்கிய சிட்டாடல் மினியேச்சர்ஸ் நிறுவனமும் அதோடு இணைந்த கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பும் அந்த வளர்ச்சியில் பெரும்பங்கு வகித்தன. இக்கலையில் இன்று அதிகம் பேசப்படும் கருவிகள் இரண்டு. ஒன்று, காற்றழுத்தத்தால் வண்ணத்தைப் பனிபோல் தெளிக்கும் ஏர்பிரஷ். மற்றொன்று, வாஷ் எனப்படும் நீர்த்த கருஞ்சாயம். இரண்டும் நிழலை உண்டாக்கப் பயன்படுகின்றன.

தட்டையான துணியில் வரைபவர் நிழலைத் தீட்டித்தான் ஆக வேண்டும். அங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும் உருவத்துக்கோ இரண்டும் உண்டு. விளக்கடியில் வைத்தால் அதன் நிழல் தானே விழும். ஏற்கெனவே நிழல் உள்ள ஒன்றுக்கு மேலும் நிழல் எதற்கு? அப்படிச் சேர்க்கப்படும் கருமைதான் என்ன? ஒளி இல்லாமையா, ஒளியைப் போலவே தன்னளவில் உள்ள ஒரு பொருளா? தத்துவ மரபுகள் பல நூற்றாண்டுகள் வாதிட்ட கேள்வி இது. ஏர்பிரஷும் வாஷும் இதற்கு இரு வேறு விடைகளைச் செய்தே காட்டுகின்றன.

சிறுமையின் குறை

ஆட்ட உருவங்களில் பரவலான அளவு 28 மில்லிமீட்டர். மனித உயரத்தில் இது ஏறத்தாழ 60இல் ஒரு பங்கு. மேசைமேல் 60 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும் உருவத்தைப் பார்ப்பது, 36 மீட்டருக்கு அப்பால் நிற்கும் மனிதரைப் பார்ப்பதற்குச் சமம். அத்தனை தொலைவில் ஆளின் நடையும் உடையும் தெரியும். கண்ணின் கருமணி தெரியாது.

வெளிச்சமும் துணை செய்வதில்லை. வானத்தில் சூரியனின் அகலம் அரைப் பாகைதான். அதனால்தான் வெயிலில் விழும் நிழலுக்கு விளிம்பு கூர்மையாக இருக்கிறது. 10 சென்டிமீட்டர் அகலமுள்ள மேசை விளக்கு அரை மீட்டர் தொலைவில் 11 பாகைக்கு மேல் விரிகிறது. சூரியனைவிட 20 மடங்குக்கும் அதிகம். இத்தனை அகலமான ஒளி எல்லாப் பக்கமும் புகுந்து நிழலைக் கரைத்துவிடும். சின்ன உருவத்தின் அங்கியில் ஒரு மடிப்பு அரை மில்லிமீட்டர் ஆழம் இருந்தாலே பெரிது. ஒற்றை நிறம் பூசி மேசையில் வைத்தால், சிற்பி பாடுபட்டுச் செதுக்கிய தசையும் மடிப்பும் விலாவும் ஒரே திட்டாகிவிடும்.

ஆகவே, உண்மையான நிழல் அங்கே இருக்கிறது, ஆனால் கண்ணுக்குப் போதவில்லை. தீட்டப்படும் நிழல் இந்தக் குறையை நிரப்ப வருகிறது. சிற்பியும் தம் பங்குக்கு இதையே செய்கிறார். தலையையும் கைகளையும் ஆயுதத்தையும் உடலுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக்குகிறார். உண்மை விகிதத்தில் வாளைச் செய்தால் அது ஊசியாகத்தான் தெரியும்.

ஒளி எட்டாத இடம்

ஏர்பிரஷ் 1870களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆப்னர் பீலர் செய்த கருவியிலிருந்து தொடங்குகிறது. அதன் தொடக்க காலப் பயன்களில் ஒன்று, புகைப்படங்களைத் திருத்துவது. இன்று மினியேச்சர் தீட்டுபவர்கள் பயன்படுத்தும் வகையில் ஒரே விசை இரு வேலை செய்யும்: அழுத்தினால் காற்று வரும், பின்னுக்கு இழுத்தால் வண்ணம் வரும். முனைத் துளையின் விட்டம் பெரும்பாலும் 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர். காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 முதல் 25 பவுண்டு வரை. வண்ணம் பால் பதத்துக்கு நீர்த்திருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் முனை அடைத்துக்கொள்ளும். மேலும் நீர்த்தால் பரப்பில் சிலந்திக்கால்போல் ஓடும்.

இந்தக் கருவியின் சிறப்பு, ப்ரைமர் எனப்படும் அடிப்பூச்சை அடிக்கும் முறையில் வெளிப்படுகிறது. முதலில் உருவம் முழுவதும் கறுப்பு ப்ரைமர். அக்குள், தாடையின் அடி, அங்கியின் உட்புறம் எதுவும் விடுபடாது. அடுத்து, உருவத்துக்கு மேலே சாய்வாக முனையைப் பிடித்துச் சாம்பல் நிறம். கடைசியாக, உச்சியிலிருந்து நேர் கீழாக வெள்ளை. முடிவில் தலை, தோள், மார்பின் மேற்பகுதி, முழங்கால் ஆகியவை வெளுத்திருக்கும். அடிப்பக்கங்கள் கறுப்பாகவே நிற்கும். இதன்மேல் மெல்லிய நிறங்களை ஏற்றினால் ஒளியும் நிழலும் நிறத்தின் ஊடாகத் தெரியும். உச்சி வானத்தைக் குறிக்கும் சொல்லை வைத்தே இம்முறையை ஜெனிதல் என்கிறார்கள்.

இங்கே நிழலை யாரும் தீட்டவில்லை. முனையிலிருந்து புறப்படும் வண்ணத்துளி, ஏறக்குறைய ஒளிக்கதிரைப் போல நேர்க்கோட்டில் சென்று, முதலில் எதிர்ப்படும் பரப்பில் தங்கிவிடுகிறது. உச்சி வெளிச்சத்துக்கு எந்த இடம் மறைவோ, அந்த இடம் முனைக்கும் மறைவு. கருமை என்பது வெள்ளை சென்று சேராத மிச்சம் மட்டுமே.

இருள் ஒளியின் இன்மையே என்று வாதிட்டவர்களின் கருத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இந்திய மரபில் வைசேடிகமும் நியாயமும் இந்தப் பக்கம் நின்றன. இருளைத் தனிப்பொருளாக அவை ஏற்கவில்லை. அது ஒளியின் அபாவம், அதாவது இன்மை. கிறித்தவ மரபில் அகஸ்டின் (354–430) இதே வழியில் தீமையை விளக்கினார். இளமையில் அவர் மானி சமயத்தைப் பின்பற்றியவர். அச்சமயத்தின்படி ஒளியும் இருளும் ஒன்றோடொன்று போரிடும் இரு மெய்ப்பொருள்கள். அதிலிருந்து விலகிய பிறகு, தீமைக்குத் தனி இருப்பு இல்லை, அது நன்மையின் குறைவே என்ற முடிவுக்கு வந்தார். ஒளிக்கு இருள் எப்படியோ, நன்மைக்குத் தீமை அப்படி. கறுப்பு ப்ரைமர்மீது விழும் வெள்ளை, இந்தக் கருத்தின் செயல்வடிவம்.

பள்ளம் தேடும் சாயம்

வாஷ் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. அதில் நிறமித் துகள் குறைவு, நீர்ம ஊடகம் மிகுதி. நீரின் பரப்பு இழுவிசையைத் தளர்த்தும் பொருளும் சேர்ந்திருப்பதால் அது துளித்துளியாகத் திரளாமல் பரவி ஓடும். சிட்டாடலின் நல்ன் ஆயில் என்னும் கறுப்பு வாஷும் அக்ராக்ஸ் எர்த்ஷேட் என்னும் பழுப்பு வாஷும் இவ்வகையில் புகழ்பெற்றவை.

ஹீரோகுவெஸ்டின் வெள்ளை எலும்புக்கூட்டின் விலாக்கூட்டில் பழுப்பு வாஷைத் தடவினால் நடப்பதைக் கூர்ந்து பார்க்கலாம். முதல் நொடியில் விலா முழுவதும் ஒரே பழுப்பு ஈரம். அடுத்த சில நொடிகளில் விலா எலும்புகளின் முகடுகளிலிருந்து சாயம் வழிந்து இறங்குகிறது. இரு எலும்புகளுக்கு நடுவிலுள்ள சந்துகளில் அது தேங்குகிறது. முகட்டில் சாயப்படலம் மெலிந்து, அடியிலுள்ள வெள்ளை மேலே வருகிறது. கண்குழியில் கருமை கெட்டிப்படுகிறது. பற்களுக்கு இடையில் மயிரிழைபோல் கோடுகள் தோன்றுகின்றன. புவியீர்ப்பும் நுண்புழைக் கவர்ச்சியும் சேர்ந்து செய்யும் வேலை இது. தூரிகை பிடித்த கை ஏற்கெனவே விலகிவிட்டது. எந்தப் பள்ளத்தில் எவ்வளவு கருமை என்பதை அந்த உருவத்தின் வடிவமே முடிவு செய்கிறது.

இங்கே கருமை ஒரு பொருள். அது புட்டியில் இருக்கிறது, அளந்து எடுக்கலாம், வெள்ளையின்மேல் வந்து அமர்கிறது, காய்ந்தபின் படலமாக நிற்கிறது.

இருள் உண்மையில் உள்ள பொருளே என்று வாதிட்டவர்களும் உண்டு. குமாரிலரைப் பின்பற்றிய பாட்ட மீமாம்சகர்கள் காட்டிய காரணங்கள் எளியவை. இருளுக்கு நிறம் இருக்கிறது, அது கறுப்பு. நிழல் நகர்கிறது. நிறமும் அசைவும் உள்ள ஒன்றை இல்லாத ஒன்று என்று எப்படிச் சொல்வது? நியாயவாதிகள் மறுத்தார்கள். நகர்வது நிழலன்று, ஒளியை மறைக்கும் பொருளே நகர்கிறது என்றார்கள். எந்த நிறத்தையும் காண ஒளி வேண்டும். ஒளி இல்லாதபோது மட்டும் காணப்படும் ஒன்றை நிறமென்று கொள்ளக் கூடாது என்றும் சொன்னார்கள்.

சைவ சித்தாந்தம் இந்த வாதத்தை ஆன்மாவைப் பற்றியதாக மாற்றியது. ஆணவ மலம் இருள் போன்றது என்பது அதன் அடிப்படை உவமை. அந்த ஆணவம் வெறும் அறிவின்மை அன்று. அறிவை மறைத்து நிற்கும் உள்பொருள். செம்பில் களிம்பு போல உயிரோடு தொன்றுதொட்டே ஒட்டியிருப்பது. வெறும் இன்மையானால் அதை நீக்க அருள் தேவைப்படாது, அறிவு வந்த கணமே அது போய்விடும் என்பதே அதன் நிலைப்பாட்டின் வலு. உமாபதி சிவாச்சாரியார் 14ஆம் நூற்றாண்டில் எழுதிய திருவருட்பயன் இந்த மலத்துக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது.

இரண்டும் தனித்தனியே தோற்கும் இடம்

மேசைமேல் இரு கொள்கைகளையும் சோதித்துப் பார்க்க முடியும். ஏர்பிரஷை மட்டும் நம்பினால் உருவத்துக்குத் திசை கிடைக்கும். ஒளி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தவுடன் தெரியும். ஆனால் விலாச் சந்து, விரலிடுக்கு, கவசத் தகடுகளின் பொருத்து போன்ற நுண்ணிய இடங்களில் வண்ணத்துளிகள் காற்றில் அலைந்து ஓரளவு உள்ளே புகுந்துவிடும். அந்த இடங்கள் மங்கிய சாம்பலாகி, பனிமூட்டத்தில் பார்ப்பதுபோல் இருக்கும்.

வாஷை மட்டும் நம்பினால் ஒவ்வொரு சந்தும் துல்லியமாகப் பிரியும். ஆனால் தோளின் மேலுள்ள பள்ளமும் தொடையின் கீழுள்ள பள்ளமும் ஒரே அளவு கறுக்கும். அப்போது உருவத்தில் நிழல் இருக்கும், வெளிச்சம் இருக்காது. சுற்றிலும் அழுக்கு படிந்தது போன்ற தோற்றம் வந்துவிடும்.

இதற்குக் காரணம், நிழல் என்ற ஒரே சொல்லுக்குள் இரு வேறு நிகழ்வுகள் அடங்கியிருப்பதுதான். ஒன்று, நேர் ஒளி ஒரு தடையால் மறைக்கப்படுவது. இது ஒளியின் திசையைப் பொறுத்தது. மற்றொன்று, சுற்றியுள்ள பரவல் ஒளிகூட ஆழமான சந்துகளுக்குள் போதிய அளவு நுழையாமல் போவது. இது பொருளின் வடிவத்தைப் பொறுத்தது. விளக்கை எங்கே நகர்த்தினாலும் விரலிடுக்கு விரலிடுக்கே. முன்னதை ஏர்பிரஷ் தருகிறது, பின்னதை வாஷ் தருகிறது. இயற்பியலில் இரண்டுமே ஒளிக்குறைவுதான். அந்த அளவில் நியாயவாதிகள் சொன்னது சரி. ஆனால் ஒளி நிறைந்த ஓர் அறையில், 28 மில்லிமீட்டர் உருவத்தில் அந்தக் குறைவு கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், அதற்கு ஒரு பொருளின் உடல் வேண்டியிருக்கிறது. இன்மையைக் காட்டவும் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும்.

கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஏறும் வரிசைக்குச் சமயக் கலையில் ஒரு பழைய உறவு உண்டு. பைசாந்தியத் திருவுருவ ஓவியர்கள் முகத்தை வெளுப்பிலிருந்து தொடங்குவதில்லை. முதலில் பச்சை கலந்த கரும்பழுப்பு அடிப்பூச்சு. அதன்மேல் படிப்படியாக வெளிறிய அடுக்குகள். கடைசியில் நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் சில வெண்கோடுகள். இருளிலிருந்து ஒளி வெளிப்பட்ட படைப்பின் நினைவை விசுவாசிகள் இந்த வரிசையில் காண்கிறார்கள். அந்த ஓவியங்களில் ஒருவரின் நிழல் தரையில் விழுவதில்லை, ஏனெனில் அங்கே ஒளி வெளியிலுள்ள ஒரு விளக்கிலிருந்து வருவதாகக் கருதப்படுவதில்லை. மினியேச்சரில் ஒளிக்கு ஒரு வானம் உண்டு, ஒரு திசை உண்டு. அது வழிபாட்டுக்கு உரியதன்று, கதைக்கு உரியது. அந்த வேற்றுமையை மறக்காமலே, இருளை அடித்தளமாகவும் ஒளியை வந்து சேர்வதாகவும் கொள்ளும் வரிசை இரண்டுக்கும் பொது என்று சொல்லலாம்.

பொய் என்ற குற்றச்சாட்டு

தீட்டிய நிழலின்மேல் மிகப் பழைய குற்றச்சாட்டைச் சுமத்தியவர் பிளேட்டோ. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் வாழ்ந்த அப்பொல்லொடோரஸ் என்ற ஓவியர் ஒளியையும் நிழலையும் படிப்படியாகக் காட்டியதற்காக நிழல் ஓவியர் என்றே அழைக்கப்பட்டார். ‘குடியரசு’ நூலின் பத்தாம் பகுதியில் பிளேட்டோ இந்த உத்தியைக் கண்டிக்கிறார். நீரில் வளைந்து தெரியும் கோலைக் கண்டு மயங்கும் அதே பலவீனத்தைத்தான் நிழலோவியமும் பயன்படுத்திக்கொள்கிறது என்பது அவர் வாதம். ‘சோஃபிஸ்ட்’ உரையாடலில் சிற்பிகளுக்கும் இது நீள்கிறது. மிகப் பெரிய சிலைகளின் மேற்பகுதி தொலைவினால் சிறுத்துத் தெரியும் என்பதால், அவர்கள் உண்மை விகிதத்தை விட்டு, பார்வைக்குச் சரியாகத் தோன்றும் விகிதத்தில் செய்கிறார்கள் என்று அங்கே சொல்லப்படுகிறது. மினியேச்சரின் பெருத்த தலையும் கைகளும் இதே குற்றச்சாட்டின் கீழ் வரும். பெரியதற்கு நேர்ந்தது சிறியதற்கும் நேர்கிறது.

சிலைக்கு வண்ணம் தீட்டுவதையே பிளேட்டோ மறுக்கவில்லை. ‘குடியரசின்’ நான்காம் பகுதியில் அதை ஓர் உவமையாகவே கையாள்கிறார். கண் மிக அழகிய உறுப்பு என்பதற்காக அதற்கு மிக அழகிய நிறத்தைத் தீட்டினால் அது கண்ணாகவே இராது. ஒவ்வோர் உறுப்புக்கும் உரியதைத் தந்தால்தான் முழுமை அழகாகும் என்கிறார். அக்காலக் கிரேக்கச் சிலைகள் வண்ணம் பூசப்பட்டே நின்றன. தம் சிலைகளில் எவை சிறந்தவை என்று கேட்டதற்கு, நிக்கியாஸ் என்ற ஓவியர் கைவைத்தவையே என்று சிற்பி பிராக்ஸிட்டலீஸ் சொன்னதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார்.

பிளேட்டோவின் கண்டனத்துக்கு மினியேச்சரின் நிழல் இரு விதங்களில் விடை தருகிறது. முதலாவது, அது பொருளை விட்டுவிட்டுத் தோற்றத்தை மட்டும் பிடிப்பதன்று. ஏர்பிரஷின் வெள்ளை எங்கே விழுந்தது, வாஷின் பழுப்பு எங்கே தேங்கியது என்பதற்கெல்லாம் அந்த உருவத்தின் மேடுபள்ளமே காரணம். ஈர மண்ணில் பதிந்த காலடி காலாகாது. ஆனால் அது காலைப் பற்றிப் பொய்யும் சொல்வதில்லை. வடிவம் தானே பதித்துக்கொண்ட தடம் அது.

இரண்டாவது, பொய் ஆவதற்கு ஏமாறுபவர் ஒருவர் வேண்டும். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் அளவையியலில் பிழைபட்ட காட்சிகளை ஐயம், திரிவு என்று பிரிக்கிறது. தொலைவில் நிற்பது கட்டையா ஆளா என்று தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே கொள்வது திரிவு. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடுபவர்களிடம் இவ்விரண்டும் இல்லை. எலும்புக்கூட்டின் கண்குழியில் இருப்பது பழுப்புச் சாயம் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ஆழம் தெரிகிறது. அதே பழுப்பு வாஷை ஒரு புதுப் படிமத்தின் பள்ளங்களில் தேக்கி, பல நூற்றாண்டுப் பழமை என்று சொல்லி விற்பவர் பொய்யர். சாயம் ஒன்றே. பொய் சாயத்தில் இல்லை. அதைக் காட்டி விற்பவர் சொல்லும் சொல்லில் இருக்கிறது.

இருந்தும் ஓர் எல்லையை ஒப்புக்கொள்ள வேண்டும். உருவத்தைக் கையில் எடுத்துத் தலைகீழாகத் திருப்பினாலும், விளக்கைக் கீழே வைத்தாலும், தீட்டிய வெளிச்சம் அதன் தலைப்பக்கத்திலேயே நிற்கும். அறையின் ஒளியோடு அது ஒத்துப்போகாது. அந்த நிழல் இந்த அறைக்கு உரியதே அன்று. கதையில் அந்த உருவம் நிற்கும் நிலத்துக்கும் அதன் உச்சிவானத்துக்கும் உரியது. ஒவ்வோர் உருவமும் தன் உலகத்தின் நண்பகலை உடம்பில் சுமந்துகொண்டு மேசைக்கு வருகிறது.

மூன்று வகைக் கருமை

திருவருட்பயன் இருளையும் ஆணவத்தையும் ஒப்பிட்டு ஒரு நுட்பமான வேறுபாட்டைச் சொல்கிறது. புறத்திலுள்ள இருள் பிற பொருள்களை மறைக்கும். ஆனால் தன்னைக் காட்டிக்கொள்ளும். இருட்டாக இருக்கிறது என்றாவது ஒருவருக்குத் தெரியும். ஆணவம் பிறவற்றையும் மறைக்கும், தன்னையும் மறைத்துக்கொள்ளும்.

இந்த அளவுகோலை மேசைக்குக் கொண்டுவந்தால் தீட்டிய நிழலின் இயல்பு புலப்படும். வாஷ் காயும்போது ஓரங்களில் நீர் விரைவாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓட, நிறமித் துகள்களும் கூடவே போய் விளிம்பில் படிகின்றன. சிந்திய காப்பித்துளி காய்ந்த இடத்தில் வளையம் விழுவதும் இப்படித்தான். 1997இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். தட்டையான அங்கியில் அதிக வாஷ் தேங்கினால் இதே கறை வளையம் வரும். அந்த இடத்தில் கருமை தன்னைக் காட்டிக்கொள்கிறது. பார்ப்பவரின் கண்ணில் அங்கி படாமல் கறை படுகிறது. அதனால்தான் ஈரம் இருக்கும்போதே சுத்தமான தூரிகையால் மிகுதியை ஒற்றி எடுக்கிறார்கள். தண்ணீருக்குப் பதில் ஊடகம் கலந்து நீர்க்கச் செய்கிறார்கள். அரைமணி நேரமாவது காயவிட்டு, அதுவரை அந்த இடத்தைத் தொடாமல் இருக்கிறார்கள்.

சரியாக அமைந்த வாஷில் கருமை கண்ணில் படுவதில்லை. விலா எலும்பு கண்ணில் படுகிறது. கவசத்தின் விளிம்பு, விரல்களின் பிரிவு, அங்கியின் மடிப்பு ஆகியவை கண்ணில் படுகின்றன. இரவின் இருள் பிறவற்றை மறைத்துத் தன்னைக் காட்டுகிறது. ஆணவம் எதையும் காட்டுவதில்லை. தீட்டிய நிழலோ தன்னை மறைத்துக்கொண்டு பக்கத்திலுள்ளதைக் காட்டுகிறது. இருள் இன்மையா பொருளா என்ற வழக்கை இக்கலை தீர்த்துவைக்கவில்லை. இன்மையாக விடப்பட்ட கருமையும் பொருளாக வார்க்கப்பட்ட கருமையும் ஒரே உருவத்தில் சேர்ந்து இந்த மூன்றாவது வேலையைச் செய்ய முடியும் என்பதை, ஓர் அங்குலத்துக்குச் சற்றே மேற்பட்ட உயரத்தில் அது நிறுவிக் காட்டுகிறது.